ஹிமாலயனில் கால் எட்டவில்லையா? வண்டியைத் தாழ்த்துவது எப்படி

ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 பைக்கின் சீட் உயரம் 800 மி.மீ. எடை 200 கிலோவை ஒட்டி வரும். ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே உயரம் உள்ளவர்கள் சிக்னலில் நின்றால் விரல் நுனிதான் தரையைத் தொடும். ஓடும்போது தொல்லையே இல்லை, நிறுத்தும் அந்த நொடியில்தான் பயம். அந்த ஒரே பயத்தால் ஆசைப்பட்ட வண்டியை வேண்டாமென்று விட்டவர்கள் எத்தனையோ பேர். விட வேண்டியதில்லை. தாழ்த்த வழி இருக்கிறது, வரிசைதான் முக்கியம். முதலில் சீட், பிறகு ஸ்பிரிங், அதுவும் போதாவிட்டால் மட்டும் லிங்க்கும் (பின் ஷாக்கோடு இணைந்த இணைப்புத் துண்டு) ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்).

அளந்து பாருங்கள்

வழக்கமாகப் போடும் ஷூவோடு, இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, வண்டியில் உட்காருங்கள். நண்பர் ஒருவர் முன்னால் நின்று பிடித்துக்கொள்ளட்டும். குதிகாலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை இன்னொருவர் ஸ்கேல் வைத்து அளக்கட்டும். இரண்டு குதிகாலும் முழுதாகப் பதிய வேண்டும் என்று நினைக்காதீர்கள். இரண்டு முன்பாதமும் அழுந்த ஊன்றினாலே வண்டி கைக்கு அடங்கும். அதனால் 60 மி.மீ. இடைவெளி இருந்தால் அதில் பாதியைக் குறைத்தாலே பெரும்பாலும் போதும்.

சீட்

பலரும் உயரத்தையே பார்க்கிறார்கள், அகலத்தைக் கவனிப்பதில்லை. சீட்டின் முன்பகுதி தொடைகளை வெளிப்பக்கம் விரித்துத் தள்ளுகிறது. கால் நேராகக் கீழே இறங்காமல் சாய்ந்து இறங்குவதால் எட்டும் தூரம் குறைகிறது. டேங்க்கை ஒட்டிய இடத்தில் இரு ஓரங்களையும் சரிவாகச் செதுக்கினாலே, மேலே ஃபோமை அதிகம் எடுக்காமல் நல்ல வித்தியாசம் தெரியும்.

ஹிமாலயனில் ஓட்டுபவர் சீட் தனி. அதை மட்டும் கழற்றி சீட் கவர் தைக்கும் கடைக்கு எடுத்துப் போங்கள். போவதற்கு முன் வண்டியில் உட்கார்ந்து, தொடை உரசும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். கடைக்காரருக்கு அந்தக் கோடுதான் வழிகாட்டி. மேல்பக்கம் 20 மி.மீ.க்கு மேல் எடுக்க வேண்டாம். ஃபோம் மெலிந்தால் ஒரு மணி நேரத்திலேயே இடுப்பு வலிக்கும். முடிந்தால் பழைய சீட் ஒன்றை வாங்கி அதில் வேலை செய்யுங்கள், ஒரிஜினல் பத்திரமாக இருக்கட்டும்.

புது ஹிமாலயன் 450 வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. 825 மி.மீ. சீட்டுக்குப் பதிலாக 805 மி.மீ.க்கு இறங்கும் லோ சீட்டை நிறுவனமே தருகிறது.

ஸ்பிரிங்கைத் தளர்த்துவது

பின் ஷாக் அப்சார்பரின் ப்ரீலோட் வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைப்பது இதுதான்) சி வடிவக் கொக்கியுள்ள சி ஸ்பேனரால் ஒவ்வொரு படியாகத் தளர்த்தினால், நீங்கள் உட்காரும்போது வண்டி இன்னும் கொஞ்சம் அமுங்கும். வரம்பு உண்டு. மெயின் ஸ்டாண்டில் பின்சக்கரம் காற்றில் தொங்கும்போது, சக்கர அச்சிலிருந்து, அதற்கு நேர்மேலே வண்டியின் உடலில் ஒட்டிய டேப் வரை அளக்கவும். ஸ்டாண்டை எடுத்து, உட்கார்ந்து, மறுபடி அளக்கவும். பின் சஸ்பென்ஷனின் மொத்த ஓட்டம், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம், 180 மி.மீ. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் 60 மி.மீ.யைத் தாண்டினால் அதற்கு மேல் தளர்த்தக் கூடாது, பள்ளத்தில் அடி வாங்கும். பின்னால் ஆள் ஏற்றும் நாளில் மறக்காமல் இறுக்கிவிடுங்கள்.

லிங்க்கும் ஃபோர்க்கும்

இதற்குள் இறங்கும் முன் சர்வீஸ் சென்டரில் வாரண்டி பற்றியும், இன்சூரன்ஸிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிப்பதில்லை.

பின் ஷாக்குக்குக் கீழே இருக்கும் டாக்போன் லிங்க்குக்கு (நாய் எலும்பு வடிவத் துண்டு) பதிலாகக் கொஞ்சம் நீளமானதைப் போட்டால் பின்பக்கம் இறங்கும். 25 மி.மீ. இறக்கும் செட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லேத் பட்டறையில் சாதாரணத் தகட்டை வெட்டித் துளை போட்டு மாட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் எடையும் வண்டியின் எடையும் அந்த இரண்டு துண்டின் மேல்தான் நிற்கின்றன. லிங்க் மாற்றும் வேலையை நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

பின்பக்கம் மட்டும் இறங்கினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், ஹேண்டில் மந்தமாகத் திரும்பும். அதனால் முன்பக்கத்தையும் ஏறக்குறைய அதே அளவு, 20 மி.மீ. வரை, இறக்க வேண்டும்.

பேஷ் பிளேட்டுக்கு (எஞ்சினின் அடியைக் காக்கும் தகடு) கீழே மரப்பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொள்ளுங்கள். ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்ப், கீழ் கிளாம்ப் போல்ட்களைத் தளர்த்தி, ஜாக்கியை மெதுவாக இறக்கினால் ஃபோர்க் குழாய்கள் கிளாம்ப்புக்கு மேலே எழும்பும். இரண்டு பக்கமும் எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று ஸ்கேலால் பாருங்கள். அளவு சமமாக இல்லாவிட்டால் முன்சக்கரம் கோணலாக நிற்கும். குழாய் முனை ஹேண்டில்பாரில் இடிக்கக் கூடாது. கீழ் போல்ட்களை முதலில், மேலே உள்ளவற்றைப் பிறகு, கையேட்டில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் விசையின் அளவு) டார்க் ரென்ச்சால் இறுக்கவும்.

அப்புறம் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, டயரை ஒட்டிய மட்கார்டுக்கும் அதற்கு மேலே இடிக்கக்கூடிய முதல் பாகத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும். முன் ஃபோர்க் 200 மி.மீ. அமுங்கக்கூடியது. அந்த இடைவெளி 200-ஐவிடத் தாராளமாக அதிகம் இல்லையென்றால் ஃபோர்க்கைத் திரும்ப இறக்கிவிடுங்கள். பின்டயருக்கும் மட்கார்டுக்கும் இதே சோதனை வேண்டும்.

சைடு ஸ்டாண்ட்

இதை மறந்தவர்களின் வண்டிதான் வலது பக்கம் சாய்ந்து விழுகிறது. வண்டி தாழ்ந்ததும் பழைய ஸ்டாண்ட் நீளமாகிவிடும், வண்டி சாயாமல் செங்குத்தாக நிற்கும். இரண்டு சக்கரத்துக்கும் அடியில் ஒரே கனமுள்ள பலகைகளைக் கொடுத்து, ஸ்டாண்டைத் தரையில் ஊன்றிப் பாருங்கள். முன்பிருந்த சாய்வு எந்தக் கனத்தில் வருகிறதோ அந்த அளவுக்கு மட்டும் வெட்டி வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டைக் கழற்றிக் கொண்டுபோய்ச் செய்வது நல்லது. மெயின் ஸ்டாண்ட் போடவும் இனி கூடுதலாகத் தம் பிடிக்க வேண்டியிருக்கும்.

செயின் தொய்வையும் ஹெட்லைட்டையும் சரிபார்த்து, முதலில் காலி மைதானத்தில் ஓட்டிப் பாருங்கள். 220 மி.மீ. இருந்த கிரவுண்ட் கிளியரன்ஸ் (வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி) இப்போது 195 பக்கம் வந்திருக்கும். ஸ்ப்ளெண்டரின் 165-ஐவிட அதிகம்தான், ஆனாலும் உயரமான வேகத்தடையில் பழைய தைரியம் வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓடியதும் லிங்க், கிளாம்ப் போல்ட்கள் எல்லாவற்றிலும் டார்க் ரென்ச்சை மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.