நாயின் நகம் உடைந்து ரத்தம் வந்தால்: தரையைத் துடைக்காதீர்கள், காலைப் பிடியுங்கள்

வெள்ளைத் தரை முழுக்க ரத்தக் கால்தடங்கள். சமையலறையிலிருந்து கூடம் வரை, கூடத்திலிருந்து படுக்கையறை வரை. சுவரில்கூட நாலைந்து சொட்டு. அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்குள் யாராவது நுழைந்திருந்தால் போலீஸைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். நடந்தது இவ்வளவுதான்: நிலாவின் முன்னங்கால் நகம் ஒன்று சோபா விரிப்பில் மாட்டி, பாதியில் உடைந்துவிட்டது. (நிலா கன்னங்கரிய நாய். பெயர் வைத்தது என் மகள். காரணம் கேட்டால் சண்டை வரும்.)

நான் செய்த முதல் வேலை, துணியை எடுத்துத் தரையைத் துடைத்தது. ஆமாம், தரையை. நான் பின்னால் துடைத்துக்கொண்டே வர, அது முன்னால் புதுத் தடம் வைத்துக்கொண்டே போனது. இப்படியே ஐந்து நிமிடம் போயிருக்கும். கால்நடை மருத்துவர் பிற்பாடு சொன்னார்: அந்த ஐந்து நிமிடமும் நாயின் காலைப் பிடித்து உட்கார்ந்திருந்தால் ரத்தம் நின்றே போயிருக்குமாம்.

அதனால் முதல் தடவை இப்படி மாட்டிக்கொள்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். நகம்தான் முக்கிய உதாரணம். காது நுனியிலோ பாதத்திலோ ஏற்படும் சின்ன வெட்டுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். எங்கே மாறுகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு

பயத்தைக் குறைக்க எனக்கு உதவியது இந்தக் கணக்குதான். நாயின் உடலில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 முதல் 90 மில்லி ரத்தம் இருக்கும். அதாவது 10 கிலோ நாய்க்கு 800 மில்லிக்கு மேல். அதில் பத்தில் ஒரு பங்கு, 80 மில்லி போனாலும் ஆரோக்கியமான நாயின் உடல் பொதுவாகச் சமாளித்துக்கொள்ளும். 80 மில்லி என்பது ஐந்து பெரிய மேசைக்கரண்டிக்கும் மேல்.

நம்பிக்கை வரவில்லையா? ஒரே ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரில் சிவப்புச் சாயம் கலந்து தரையில் ஊற்றி, அதை மிதித்து அறை முழுக்க நடந்து பாருங்கள். நான் பார்த்தேன். நாய் நடக்க நடக்க ஒரு சொட்டு நாலு தடமாகிறது. கண் அந்தத் தடங்களை எண்ணுகிறது, ரத்தத்தை அல்ல.

பூனைக்குக் கிலோவுக்குச் சுமார் 60 மில்லிதான். உடலும் சிறியது, ஆகவே கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். கிளி போன்ற சிறு பறவைகளுக்கு இந்த நிதானமே கூடாது. அவற்றின் மொத்த ரத்தமே சில மில்லிதான், நாலு சொட்டு போனாலும் நஷ்டம் பெரியது. பறவை என்றால் அழுத்திப் பிடித்தபடியே உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள்.

படி 1: நாயை நிறுத்துங்கள்

மருந்து தேடி ஓடுவதற்கு முன் நாயின் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஓடினால் இதயம் வேகமாக அடிக்கும், ஒவ்வோர் அடியும் காயத்தைத் தரையில் தேய்க்கும், உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி கிளம்பும். ஒரு சின்ன அறை அல்லது குளியலறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்துங்கள். வீட்டில் கூச்சல் போடுபவர் யாராவது இருந்தால் அவருக்குக் கதவுக்கு வெளியே ஒரு வேலை கொடுங்கள்: துணி கொண்டு வா, மருத்துவருக்குப் போன் போடு, ஏதாவது ஒன்று.

வலி வந்தால் எவ்வளவு சாதுவான நாயும் கடிக்கும். "எங்க நாய் கடிக்காதுங்க" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டியவர்களில் நானும் ஒருவன். வாய்ப்பூட்டு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் நீளமான காஸ் துணியைக் கொண்டு மூக்கைச் சுற்றி மெதுவாகக் கட்டி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடலாம். ஆனால் பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கும், வாந்தி எடுக்கும் அல்லது மூச்சு வாங்கும் நாய்க்கும் இதைச் செய்யக் கூடாது. பூனை என்றால் பெரிய துண்டில் கழுத்து வரை சுருட்டி, காயம்பட்ட காலை மட்டும் வெளியே எடுங்கள்.

கடி வாங்கிவிட்டால் உங்கள் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள். வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்டதுதானே என்று விட்டுவிட வேண்டாம்.

படி 2: எங்கிருந்து வருகிறது?

கால் முழுக்கச் சிவப்பாக இருக்கும், ஊற்றுக்கண் எங்கே என்று தெரியாது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். முன்னங்காலின் உட்பக்கம் சற்று மேலே, தரையில் படாமல் தனியாகத் தொங்கும் கட்டைவிரல் நகத்தை மறக்காதீர்கள். தரையில் தேயாததால் அது நீளமாக வளர்ந்து எதிலாவது மாட்டிக்கொள்ளும். நிலாவுக்கும் அதுதான். நான் கீழே உள்ள நாலு விரலையும் சோதித்துவிட்டு, "ஒன்றுமில்லையே, ரத்தம் எங்கிருந்து வருகிறது?" என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்த மெல்லிய சதை ஓடுகிறது. நகம் வெட்டுபவர்கள் இதைக் 'குயிக்' என்பார்கள். வெளிர் நகத்தில் ரோஜா நிறத்தில் வெளியே தெரியும், கறுப்பு நகத்தில் தெரியவே தெரியாது. அது அறுபட்டால்தான் இவ்வளவு ரத்தம், இவ்வளவு ஊளை.

படி 3: அழுத்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

சுத்தமான துணியையோ காஸையோ மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் முழுதாக, ஒரு தடவைகூடத் தூக்கிப் பார்க்காமல். நின்றுவிட்டதா என்று இருபது வினாடிக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கத் தோன்றும். அங்கேதான் எல்லோரும் தோற்கிறோம். அறுபட்ட இடத்தில் முதலில் ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் என்ற நுண்ணிய அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு தற்காலிக அடைப்பைப் போடுகின்றன. அதன் மேல் ஃபைப்ரின் என்ற இழைகள் வலை மாதிரி பின்னி அதை இறுக்குகின்றன. துணியைத் தூக்கும்போது அரைகுறையாகப் பின்னிய அந்த வலையும் சேர்ந்து வந்துவிடும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள்.

நகத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. நகம் கெட்டியான குழாய் மாதிரி, பக்கவாட்டில் எவ்வளவு பிசைந்தாலும் உள்ளே இருக்கும் குழாய் நசுங்காது. அழுத்தம் நுனியில், வெட்டுப்பட்ட முகத்தில் நேராக விழ வேண்டும்.

ஸ்டிப்டிக் பவுடர் வைத்திருந்தால் இதுதான் அதற்கான நேரம். ஃபெர்ரிக் சப்சல்ஃபேட் என்ற இரும்பு உப்பு கலந்த பொடி அது. ரத்தத்தில் உள்ள புரதத்தைத் திரள வைத்துக் குழாயின் வாயை அடைக்கும். மேலே தூவினால் ரத்தம் அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு மூடியில் கொஞ்சம் கொட்டி, நக நுனியை அதற்குள் அமுக்கி ஒரு நிமிடம் பிடியுங்கள். சுருக்கென்று எரியும், நாய் காலை உதறும். அதை எதிர்பார்த்தே பிடியுங்கள். பொடி இல்லையா? சோள மாவை இதே மாதிரி அமுக்கலாம். அல்லது உலர்ந்த சோப்புக் கட்டியில் நக நுனியைக் குத்தி எடுக்கலாம், சோப்பு நுனியை அடைத்துக்கொள்ளும். இரண்டுமே பொடி அளவுக்கு வேகம் இல்லை, ஆனால் வேலை செய்யும்.

இந்தப் பொடி வைத்தியமெல்லாம் நகத்துக்கு மட்டும். தோல் கிழிந்த காயத்தில் மாவையோ பொடியையோ அப்பினால் மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். அங்கே துணியும் கையும் போதும்.

காது நுனி அறுபட்டால் சிக்கல் வேறு மாதிரி. காயம் கடுகளவு இருக்கும். நாய் தலையை உதற உதற ரத்தம் கூரை வரை தெறிக்கும், ஒவ்வோர் உதறலும் அடைப்பைப் பிய்த்துவிடும். காதின் இரு பக்கமும் துணி வைத்து விரல்களால் பிடித்து நிறுத்திய பிறகு, காதைத் தலையோடு மடக்கி மெல்லிய துணியால் சுற்றிவிடுங்கள். தொண்டையை இறுக்கக் கூடாது, துணிக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

படி 4: அந்த ஐந்து நிமிடத்தில் ஈறைப் பாருங்கள்

கை அழுத்திக்கொண்டிருக்கட்டும், கண்ணுக்கு ஒரு வேலை கொடுப்போம். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறம் என்றால் நல்லது. விரலால் ஒரு முறை அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். நிலா மாதிரி ஈறும் கறுப்பாக இருக்கும் நாய்களுக்குக் கீழ் இமையை லேசாக இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும் ஒரு நாளில் இதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் நாயின் வழக்கமான நிறம் தெரிந்தால்தான் மாற்றம் தெரியும்.

எப்போது கிளம்ப வேண்டும்

பத்துப் பதினைந்து நிமிடம் ஒழுங்காக அழுத்தியும் நிற்கவில்லை, அல்லது ரத்தம் துடிப்புத் துடிப்பாகப் பீச்சுகிறது, ஈறு வெளுத்திருக்கிறது, நாய் துவண்டு படுக்கிறது: இதில் எது இருந்தாலும் அழுத்தத்தை விடாமல் மருத்துவரிடம் போங்கள். பாதத்தின் அடிப்பகுதி ஆழமாகப் பிளந்திருந்தாலும் அப்படியே. கண்ணாடித் துண்டோ குச்சியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அதுவே அடைப்பாக இருக்கலாம். இன்னொரு விலங்கு கடித்த காயம் வெளியே புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே தசை கிழிந்திருக்கும், கிருமியும் போயிருக்கும். அதையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

சின்ன நகக்காயம்தான், ஆனால் கசிந்துகொண்டே இருக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது நகத்தை அல்ல, ரத்தத்தை. உண்ணி மூலம் வரும் எர்லிக்கியா தொற்று தட்டணுக்களைக் குறைத்துவிடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலி விஷத்தைத் தின்ற நாய்க்குச் சில நாள் கழித்துத்தான் ரத்தப்போக்கு தெரிய ஆரம்பிக்கும். டாபர்மேன் இனத்தில் வான் வில்பிரான்ட் என்ற பரம்பரை உறைவுக் குறைபாடு அதிகம். மூக்கிலோ சிறுநீரிலோகூட ரத்தம் தெரிந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

படி 5: கழுவுதல், கட்டுதல்

நகத்தில் ரத்தம் நின்றதும் உடனே கழுவ வேண்டாம், அடைப்பு கரைந்துவிடும். சுற்றியுள்ள முடியை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். தோல் காயத்தை சலைன் நீரால் மெதுவாகக் கழுவலாம். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தட்டையாக ஒரு தேக்கரண்டி உப்பு கலந்தாலும் சரி. ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் வேண்டாம். கிருமியோடு சேர்த்து ஆற வேண்டிய திசுவையும் அவை கெடுக்கும். வீட்டுக் கிருமிநாசினிகள் சிலவற்றில் உள்ள பீனால் வகை ரசாயனங்கள் பூனைக்கு நஞ்சு, அது உடம்பை நக்கும் பிராணி என்பதை மறக்கக் கூடாது.

நகம் பாதி உடைந்து தொங்கினால் பிடுங்க வேண்டாம். உயிர்ச் சதையோடு ஒட்டியிருக்கும். மருத்துவர் மரத்துப்போக மருந்து கொடுத்து வெட்டிவிடுவார், சில மாதங்களில் புது நகம் வளரும்.

கட்டு என்பது வீடு முதல் மருத்துவமனை வரைக்கும்தான். காயத்தின் மேல் காஸ், விரல் இடுக்குகளில் கொஞ்சம் பஞ்சு, அதற்கு மேல் ரோல் பேண்டேஜ், விரலிலிருந்து மேல்நோக்கி. ரப்பர் பேண்டால் கட்டவே கட்டாதீர்கள். முடிக்குள் அமிழ்ந்து மறந்துபோய், ஒரு காலே ரத்த ஓட்டம் இழந்துவிடலாம். விரல் வீங்கினாலோ சில்லிட்டாலோ உடனே தளர்த்துங்கள்.

மனிதருக்கான வலி மாத்திரை எதுவும் வேண்டாம். பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரையே உயிரைப் பறிக்கப் போதும். நாய்க்கு ஐபூப்ரோஃபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஆஸ்பிரின் இருக்கிற ரத்தக் கசிவை இன்னும் நீட்டிக்கும்.

அடுத்த சில நாட்கள்

ஒரு நாள் முழுக்க ஓட்டமும் விளையாட்டும் கிடையாது, வெளியே போனால் கயிற்றோடு. நக்கினால் ஆறிவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். நக்க நக்க ஈரம், ஈரத்தில் கிருமி. காயத்தை வாய் எட்டாதபடி தடுக்கும் கூம்பைக் கழுத்தில் மாட்டுங்கள். நிலா அந்தக் கூம்போடு எல்லாக் கதவிலும் முட்டிக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீக்கம், நாற்றம், சீழ், இரண்டு நாளுக்குப் பிறகும் நொண்டல் என்று எது தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கறுப்பு நகத்தை நீங்களே வெட்டுவதாக இருந்தால் ஒரே வெட்டாக வேண்டாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டராகச் சீவி, ஒவ்வொரு முறையும் வெட்டு முகத்தைப் பாருங்கள். முதலில் உலர்ந்த சுண்ணாம்பு மாதிரி இருக்கும். நடுவில் ஈரமான கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வந்தால் உள்ளே இருக்கும் சதையும் மெல்லப் பின்வாங்கும். கட்டைவிரல் நகத்திலிருந்து தொடங்குங்கள், கடைசியில் என்றால் மறந்துவிடும்.

சரி, இப்போது தரையைத் துடைக்கலாம். குளிர்ந்த தண்ணீரில் துடையுங்கள். வெந்நீர் பட்டால் ரத்தத்தில் உள்ள புரதம் இறுகி, கறை அங்கேயே தங்கிவிடும்.