இரவில் எடுத்த படம் போட்டியில் தோற்பது எதனால்?

இருட்டில் நின்றுகொண்டு கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்தால் எந்தப் படமும் பளிச்சென்றுதான் தெரியும். அதை நம்பி மூட்டை கட்டுவதுதான் முதல் தவறு. கணினியில் திறந்தால் பாதிப் படம் கறுப்பாக இருக்கும். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துவிட்டு ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்பக்கம் இருளும் வலப்பக்கம் வெளிச்சமுமாகப் படத்தைக் காட்டும் வரைபடத்தை, பாருங்கள். எல்லாம் இடது ஓரத்தில் ஒட்டிக்கிடந்தால் வெளிச்சம் போதவில்லை. அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள். இருண்ட பகுதியைக் கணினியில் தூக்கினால் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் மேலே வரும்.

ஃபோகஸ் இதைவிட மோசமாக ஏமாற்றும். இருட்டில் ஆட்டோஃபோகஸ் பிடி கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடும். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறிவரை (தொலைதூரத்துக்கான ∞ குறி) திருப்பினால் போதும் என்பார்கள். பல லென்ஸ்கள் அதையும் தாண்டிச் சுழலும். மேனுவலுக்கு மாற்றுங்கள். லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியில்) தூரத்து விளக்கு ஒன்றையோ பிரகாசமான நட்சத்திரத்தையோ பெரிதாக்கி, அந்தப் புள்ளி மிகச் சிறியதாகும்வரை வளையத்தை மெல்லத் திருப்புங்கள். எடுத்த பிறகும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

டிரைபாட் இருந்தும் படம் கலங்குகிறதா? ஷட்டரை விரலால் அழுத்துவதே காரணமாக இருக்கலாம். 2 விநாடி டைமர் போதும். லென்ஸின் அதிர்வுத் தடுப்பையும் அணைத்துவிடுங்கள். ஸ்டாண்டில் நிற்கும்போது அதுவே சில சமயம் கலக்கத்தை உண்டாக்கும்.

டிரைபாடில் வைத்து அசையாத கட்டடத்தை எடுக்கும்போது ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) ஏற்ற வேண்டியதே இல்லை, 100 போதும். நட்சத்திரத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. பூமி சுழல்வதால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் அவை கோடாக இழுபடும். 500ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் (லென்ஸில் மி.மீ.யில் எழுதியிருக்கும் எண்) வகுத்தால் எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்பதற்குச் சுமாரான உச்சவரம்பு கிடைக்கும்: முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 24 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 20 விநாடி. நிலாவுக்குக் கணக்கே வேறு. அது வெயிலில் கிடக்கும் பாறை! ஆட்டோவில் விட்டால் வெறும் வெள்ளை வட்டம்தான் வரும். முழுநிலவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு), 1/100 விநாடியில் தொடங்குங்கள்.

என்னைக் கேட்டால், வானம் முழுக்கக் கறுத்த பிறகு கேமராவை எடுப்பதுதான் பெரிய இழப்பு. சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் வானில் ஆழ்ந்த நீலம் தங்கும். விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும். கட்டடத்தின் விளிம்பு வானத்திலிருந்து பிரிந்து தெரிவது அப்போதுதான். பெரும்பாலும் அரை மணிக்கும் குறைவாகவே அது நீடிக்கும் என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே கோணத்தைத் தேர்ந்தெடுத்துக் காத்திருங்கள்.

கடைசியாக, போட்டி விதிகள். வேறொரு படத்திலிருந்து நிலாவை எடுத்து ஒட்டுவதைப் பல போட்டிகள் ஏற்பதில்லை. இறுதிச் சுற்றில் ரா கோப்பை (கேமரா பதிவுசெய்த, பதப்படுத்தாத மூலக் கோப்பை) கேட்பவர்களும் உண்டு. அதனால் ராவிலேயே எடுங்கள், மூலத்தை அழிக்காதீர்கள். இரைச்சலை ஒரேயடியாகத் துடைத்தால் சுவரும் முகமும் மெழுகாகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும். பெயர் முத்திரை கூடாது என்று விதியில் இருந்தால், அனுப்பும் முன் அதையும் நீக்கிவிடுங்கள்.