இறுகிப்போன ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றும் முறை

புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் இந்த சென்சார் சைலன்சர் பைப்பில் வருஷக்கணக்கில் சூடேறி ஆறி, துருவும் சேர்ந்து அதன் மரை ஒட்டிக்கொள்ளும். அதனால் வெறும் பலத்தைக் காட்டினால் மரையோடு பிய்ந்து வரும். முதல் நாள் இரவே சென்சார் பைப்பில் இறங்கும் இடத்தைச் சுற்றித் துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிடுங்கள்.

மறுநாள் ஆயில் காய்ந்ததும் இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே வேலையை ஆரம்பிக்கலாம். கனமான கையுறை கட்டாயம். வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்ட் வையுங்கள்.

வயர் கனெக்டரைக் கழற்றிவிட்டு 22 மி.மீ. ஸ்பேனர் போடுங்கள், பெரும்பாலான சென்சாருக்கு அதுதான் அளவு. சென்சார் எப்படியும் தூக்கிப் போடுவதுதான் என்றால் வயரை வெட்டிவிட்டு உள்ளே ஆறு பட்டை உள்ள ஆழமான சாக்கெட்டை நீளக் கைப்பிடியோடு மாட்டுவது இன்னும் நல்லது, முனை மழுங்காது. முதலில் இறுக்கும் பக்கம் லேசாக ஒரு தட்டு, அப்புறம் இடப்பக்கம். கால் சுற்று வந்து கிறீச்சென்று இறுகினால் அங்கேயே நிறுத்தி, திரும்ப உள்ளே திருப்பி, இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி வெளியே திருப்புங்கள். இந்த முன்னும் பின்னுமான பொறுமைதான் பைப்பின் மரையைக் காப்பாற்றும்.

புதியதை மாட்டும் முன் எம்18×1.5 (18 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி) அளவு டேப், அதாவது உள்மரை வெட்டும் கருவியை விட்டு மரையைச் சுத்தம் செய்யுங்கள். மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் நிக்கல் ஆன்டி-சீஸ் பசையை மரையில் மட்டும் தடவுங்கள், சென்சார் நுனியில் படவே கூடாது.