பெண்கள் ஐக்கிய சங்கத்தார் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒரு நாளில் போய்வர: ஏற்பாடு செய்வோருக்குச் சில குறிப்புகள்

தென்மாவட்டக் கிறிஸ்தவச் சபைகளில் "கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று ஒரு பெண் சொன்னால் அது தன் ஆலயத்தைத்தான் குறிக்கும். ஆகவே சபைப் பெண்களின் சங்கக் கூட்டத்தில் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டவுடன் முதலில் சிரிப்பும், அடுத்து ஒரு தயக்கமும் எழுவது இயல்பு. பேருந்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தத் தயக்கத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதைப் பேசாமல் மூடிவைத்தால், அது பயணத்தன்று கோயில் வாசலிலே வெளிப்பட்டு, பாதிப் பேர் உள்ளே போகவும் மீதிப் பேர் வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கவும் காரணமாகிவிடும்.

நாம் போவது வழிபடுவதற்காக அன்று, ஆயிரம் ஆண்டு பழமையான ஒரு கட்டடத்தையும் அதன் கல்லெழுத்துகளையும் பார்ப்பதற்காக என்பதைச் செயலாளர் முதல் கூட்டத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிரசாதம் கொடுத்தால் என்ன செய்வது, நெற்றியில் திருநீறு பூச வந்தால் என்ன செய்வது என்ற கேள்விகள் கட்டாயம் வரும். விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டவற்றைக் குறித்துப் பவுல் எழுதிய கொரிந்தியர் முதல் நிருபத்தின் 8, 10 ஆம் அதிகாரங்களை அந்த மாத வேதபாடமாக எடுத்துக்கொண்டால், குருவானவரோ அவர் மனைவியான ஐயரம்மாவோ அவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும். அங்கே பவுல் மற்றவருடைய மனசாட்சியை இடறச் செய்யாதிருப்பதைத்தான் பெரிதாகப் பேசுகிறார். எனவே வர மனமில்லாத சகோதரியை வற்புறுத்தவும் வேண்டாம், வருகிறவரைப் பற்றிப் பின்னால் பேசவும் வேண்டாம். நடைமுறையில், திருநீற்றையோ பிரசாதத்தையோ வேண்டாம் என்பவர் கைகூப்பி ஒரு புன்னகையோடு விலகினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. முகம் சுளிப்பதும் விளக்கம் சொல்லத் தொடங்குவதும்தான் பிறர் மனத்தைப் புண்படுத்தும்.

இதனோடு சேர்ந்த இன்னொன்று, கோயிலின் எல்லையை மதிப்பது. பழனிக் கோயில் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 ஜனவரியில், இந்து அல்லாதவர்களைக் கொடிமரத்துக்கு அப்பால் அனுமதிப்பதில்லை என்ற அறிவிப்புப் பலகைகளை வைக்க உத்தரவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமாகவும், அன்றாடம் பூசை நடக்கும் கோயிலாகவும் ஒருசேர இருப்பதால், திருச்சுற்றில் எல்லா மதத்தாரும் வெளிநாட்டாரும் நடமாடுவதைக் காணலாம். எனினும் பலகை எங்கே நில் என்கிறதோ அங்கே நின்றுவிடுவதே நமக்கு அழகு. நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்துவிடலாம் என்ற யோசனை எந்தச் சங்கத்திலும் ஒருவருக்காவது தோன்றும். அதை அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள். நம் பீடத்தருகே பிறர் அப்படி வந்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் போதும். பார்க்க வேண்டியவற்றுள் பெரும்பாலானவை கருவறைக்கு வெளியேதான் இருக்கின்றன.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரதோஷ நாள் மாலையில் பெரிய நந்திக்கு நடக்கும் அபிஷேகத்தைக் காணப் பெருங்கூட்டம் கூடும். அது சனிக்கிழமையாகவும் அமைந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். ஐப்பசியில் இராசராசனின் சதய விழா வரும். கார்த்திகை முதல் தைப் பிறப்பு வரை ஐயப்ப பக்தர்களின் பேருந்துகள் வாகன நிறுத்தத்தை நிறைத்துவிடும். நம் பக்கத்தில் டிசம்பர் முழுவதும் கிறிஸ்துமஸ் வேலை, லெந்து என்னும் தவக்கால நாட்களில் உல்லாசப் பயணம் கூடாது என்பார்கள், சித்திரை வெயிலில் கல்தரையில் கால் வைக்க முடியாது. கழித்துப் பார்த்தால் ஜனவரி பிற்பகுதி முதல் லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்திய வாரம் வரையிலும், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும் சில சனிக்கிழமைகள்தாம் மிஞ்சும். ஆசிரியைகள் அதிகமுள்ள சங்கத்துக்கு இரண்டாம் சனிக்கிழமை ஏற்றது.

மதுரையிலிருந்து திருச்சி வழியாகத் தஞ்சாவூர் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். பேருந்தில், இடையில் ஒருமுறை நிறுத்தினால், நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். நண்பகலில் நடை சாத்தி மாலை 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள் என்பதும், செருப்பில்லாமல் நடக்க வேண்டிய கல்தரை 11 மணிக்கெல்லாம் சுடத் தொடங்கிவிடும் என்பதும் இந்தப் பயணத்தின் இரண்டு கடிவாளங்கள். ஆகவே அதிகாலை 4 மணிக்கு ஆலய வாசலில் ஜெபம் செய்து புறப்பட்டு 9 மணிக்குள் கோயிலில் இருக்க வேண்டும். ஒருமுறை நாங்கள் ஆறரை மணிக்குப் புறப்பட்டு, தஞ்சாவூருடன் தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். தஞ்சாவூரில் நடை சாத்தியிருந்தது, கங்கைகொண்ட சோழபுரத்தை இருட்டில் தடவித்தான் பார்த்தோம், நள்ளிரவு தாண்டித்தான் வீடு திரும்பினோம். அந்த இடம் தஞ்சாவூரிலிருந்து எழுபது கிலோமீட்டர் தொலைவில் இருப்பதைப் பேருந்தில் ஏறிய பிறகுதான் ஓட்டுநர் சொன்னார். மூன்றும் உலக மரபுச் சின்னங்கள்தாம், ஆனால் ஒரு நாளுக்கு ஒன்று போதும்.

வண்டி பேசும்போது நாள் வாடகை எவ்வளவு, அதில் எத்தனை கிலோமீட்டர் அடக்கம், சுங்கச்சாவடிக் கட்டணமும் வாகன நிறுத்தக் கட்டணமும் ஓட்டுநர் பேட்டாவும் யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தச் செலவை இருக்கை எண்ணிக்கையால் அப்படியே வகுக்காமல், நான்கைந்து இருக்கை காலியாகப் போகும் என்று வைத்து வகுத்தால், கடைசி நேரத்தில் யாராவது நின்றுவிட்டாலும் பொருளாளர் கையைச் சுட்டுக்கொள்ள நேராது. எல்லாரும் வந்துவிட்டால் மிஞ்சும் பணத்தைக் கொண்டு, பணம் கட்ட இயலாத விதவைத் தாய்மாரை அழைத்துக்கொள்ளலாம். யாருக்காக யார் கட்டினார் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். பேருந்துக்குள் அதைச் சொல்லி ஸ்தோத்திரம் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா அதற்குப் பிறகு எந்தப் பயணத்துக்கும் வரவில்லை.

கழிப்பறையைப் பற்றிக் கூச்சமில்லாமல் திட்டமிட வேண்டும். வழியில் இடம் கிடைக்காதோ என்ற பயத்தில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வரும் பெண்கள் நம்மில் பலர். அவர்களுள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து எடுப்பவர்கள் வெயிலில் மயங்கி விழுவது அதனால்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்கும், எங்கெங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அவர்கள் நம்பித் தண்ணீர் குடிப்பார்கள். காலைக்குப் பொடி தடவிய இட்லி கெடாது, கையும் நனையாது. மதியத்துக்குத் தஞ்சாவூரில் ஓர் உணவகத்தில் ஆள் எண்ணிக்கையை முந்திய நாளே சொல்லிவைப்பது, நாற்பது பேருக்குப் புளியோதரை கிண்டி ஒருவர் முதுகை ஒடித்துக்கொள்வதைவிட மேல். எட்டுப் பேருக்கு ஒரு தலைவி என்று பிரித்து, அவரவர் குழுவை அவரவர் எண்ணட்டும். பருத்திக் காலுறை ஒரு சோடி எல்லாரிடமும் இருக்கட்டும்.

கோயிலுக்குள் எதைப் பார்ப்பது என்பதைப் பேருந்திலேயே யாராவது சொல்லி முடித்துவிட வேண்டும். வாசலுக்குப் போனபின் நாற்பது பேரை நிறுத்திவைத்துப் பேச இயலாது. கருவறைக்கு மேல் எழும் கோபுரமாகிய, 1010 இல் நிறைவடைந்த இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பலரும் சொல்வார்கள். விழும், காலையில் போனால் கண்ணால் காணலாம். பெண்கள் சங்கத்துக்கு இங்கே முதன்மையான பாடம் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வெட்டப்பட்டுள்ள கல்லெழுத்துகள். தான் கொடுத்ததையும், தன் அக்காள் குந்தவை கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லிலே வெட்டுக என்று இராசராசன் ஆணையிட்டதை அங்கே படிக்கலாம். தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட நானூறு ஆடல் மகளிரின் பெயர்களும், அவர்கள் எந்தெந்த ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவரப்பட்டார்கள் என்பதும், தலைக்கு நூறு கலம் நெல் என்ற பங்கும் இந்தக் கோயிலின் சுவர்களில்தான் இருக்கின்றன. சங்கத்தின் பேரேட்டை ஆண்டுதோறும் எழுதும் நம் பொருளாளருக்கு இந்தக் கணக்கு வழக்கு ஒன்றும் அந்நியமாக இருக்காது.

நடை சாத்தும் நேரத்தில் வெளியே வந்து உணவை முடித்துக்கொண்டு, பக்கத்திலேயே சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் சுவார்ட்ஸ் ஆலயத்துக்குப் போகலாம். ஜெர்மானிய மிஷனெரியான கிறிஸ்தியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர் 1779 இல் கட்டிய ஆலயம் அது. வார நாட்களில் பூட்டியிருக்கக்கூடும் என்பதால், நம் குருவானவர் மூலம் அந்தச் சபையாருக்கு இரண்டு வாரம் முன்னரே கடிதம் எழுதித் திறந்துவைக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே, 1798 இல் மரணப் படுக்கையில் கிடந்த சுவார்ட்ஸைத் தஞ்சை மராத்திய இளவரசர் சரபோசி வந்து பார்க்கும் காட்சியைச் சலவைக்கல்லில் காணலாம். அரசரான பின் தம் ஆசானுக்காக அவர் ஜான் ஃபிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியிடம் செய்வித்த நினைவுச் சின்னம் அது. அதே சரபோசிதான் 1803 இல் பெரிய கோயில் சுவரில் தம் போசல வம்சத்தின் வரலாற்றை மராத்தியில் வெட்டுவித்தவர். காலையில் அந்தக் கல்வெட்டையும் பிற்பகலில் இந்தச் சலவைக்கல்லையும் பார்க்கும்படி நாளை அமைத்தால், அந்த மன்னரைப் பற்றித் தனியே பேச வேண்டியிராது. தஞ்சையில் வாழ்ந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை அந்த ஆலயத்தில் எல்லாரும் சேர்ந்து பாடலாம், அதற்கு மட்டும் கால்மணி நேரம் ஒதுக்கிவையுங்கள். நேரம் மிஞ்சினால் அரண்மனைக் கலைக்கூடம் இருக்கிறது. கால் வலிக்கிறவர்கள் பேருந்திலேயே இளைப்பாறட்டும்.

ஐந்து மணிக்குப் புறப்பட்டால் இரவு பத்து மணிக்கு முன் மதுரை வரலாம். திருச்சி தாண்டியதும் குழுத் தலைவிகள் தத்தம் குழுவினரின் வீடுகளுக்குப் பேசி, யாரை யார் அழைத்துப் போக வருகிறார்கள் என்று உறுதிசெய்ய வேண்டும். அழைத்துப் போக ஆளில்லாதவர்களை முதலில் இறக்கிவிட்டு, அவர்கள் வீட்டுக் கதவு திறக்கும் வரை வண்டி நிற்கட்டும். செயலாளரும் பொருளாளரும் கடைசியாக இறங்குவது வழக்கமாகட்டும்.