கலிஃபோர்னியாவில் வீட்டுப் பத்திரக் கையெழுத்து: நோட்டரி உங்களைச் சரிபார்க்கும் முறை

வீட்டு விற்பனையில் பணத்தையும் பத்திரங்களையும் நடுநிலையான மூன்றாம் தரப்பு வைத்திருக்கும் ஏற்பாடுதான் எஸ்க்ரோ. அது முடியும் தறுவாயில் ஒரு கட்டுத் தாளோடு நோட்டரி வந்து உட்காருவார். அத்தனை தாளிலும் அவர் முத்திரை விழாது. கவுண்டிப் பதிவுக்குப் போகும் பத்திரங்களும் சில உறுதிமொழிகளும்தான் அவர் வேலை: வாங்குபவருக்கு டீட் ஆஃப் டிரஸ்ட் என்ற அடமானப் பத்திரம், விற்பவருக்கு கிரான்ட் டீட் என்ற உரிமை மாற்றப் பத்திரம். கையெழுத்திட்டவர் அந்த ஆள்தானா என்பதற்கு மட்டுமே அவர் பொறுப்பு. பத்திரத்தில் எழுதியிருப்பது உண்மையா, அது செல்லுமா என்பதற்கு அல்ல.

முதலில் பெயரைப் பாருங்கள், அதுவும் இரண்டு வாரம் முன்பே. நம் பெயர்களில்தான் கையெழுத்து நாளன்று வேலை நின்றுபோகிறது. அட்டையில் உள்ள பெயர் பத்திரத்தில் உள்ளதைவிட நீளமாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது என்பது நோட்டரிகளின் வழக்கம். லைசென்ஸில் ‘அருண் பிரகாஷ் முருகேசன்’ என்றும் பத்திரத்தில் ‘அருண் முருகேசன்’ என்றும் இருந்தால் தடையில்லை. லைசென்ஸில் ‘அருண் எம்’, பத்திரத்தில் ‘அருண் முருகேசன்’ என்றால் ‘எம்’ யார் என்பதற்கு அட்டையில் ஆதாரம் இல்லை. விசாவில் ஒட்டிக்கொண்ட ‘எஃப்என்யு’ (‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) லைசென்ஸிலும் ஏறியிருந்தால் அதையும் எஸ்க்ரோ அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். எஸ்க்ரோ கணக்குத் திறக்கும்போதே அட்டையின் படத்தை அனுப்பி, அதில் இருக்கிறபடியே பெயரை அடிக்கச் சொல்வதுதான் நல்ல வழி. லோன் தாள்களோடு வரும் பெயர் உறுதிமொழி, ‘இந்தப் பெயர்களும் நானே’ என்று நீங்கள் சொல்வது. அது அடையாளச் சான்று ஆகாது.

எந்த அட்டை செல்லும்? டிரைவிங் லைசென்ஸ், மாநில அடையாள அட்டை, அமெரிக்க பாஸ்போர்ட் ஆகிய மூன்றும் தொல்லையில்லாதவை. கிரீன் கார்டு கலிஃபோர்னியாவின் பட்டியலில் இல்லை. பலர் அதை மட்டும் எடுத்து வந்து திரும்பிப் போகிறார்கள். ஆதாரும் ஓசிஐ அட்டையும் உதவாது. அட்டை நடப்பில் இருக்க வேண்டும், அல்லது கடந்த 5 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் லைசென்ஸ், அமெரிக்காவில் தங்கும் அனுமதி முடியும்போதே காலாவதியாகிவிடும். ஆனால் 2 ஆண்டு முன்பு கொடுத்த அட்டையாக இருந்தால் போன மாதம் காலாவதியாகியிருந்தாலும் நோட்டரி சட்டப்படி ஏற்கலாம். லோன் கொடுக்கும் வங்கி ஏற்காமல் போகலாம். அது வங்கியின் தனி விதி, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தகுந்த அட்டையே இல்லாவிட்டால் சாட்சி வழி உண்டு: நோட்டரிக்கும் உங்களுக்கும் நேரில் தெரிந்த ஒருவர், இல்லையேல் நோட்டரிக்குத் தெரியாவிட்டாலும் உங்களை நேரில் தெரிந்த இருவர். சாட்சிகளும் அட்டை காட்ட வேண்டும். பத்திரத்தில் பெயர் இருப்பவரோ, அதில் பண ஆதாயம் உள்ளவரோ ஆகாது. கமிஷன் வாங்கும் ஏஜென்ட்டை நிறுத்தாதீர்கள். ‘இவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும்’ என்று நோட்டரியே சொல்லி முடிப்பது 2008 முதல் இங்கே செல்லாது.

மேசையில் அவர் அட்டையைக் கையில் வாங்கித் தடவிப் பார்ப்பார், சாய்த்துப் பார்ப்பார், படத்தையும் முகத்தையும் ஒப்பிடுவார். உறையோடு நீட்டாமல் வெளியே எடுத்துக் கொடுங்கள். பிறகு அவருடைய பதிவேட்டில் அட்டை வகை, வழங்கிய அலுவலகம், எண், தேதி எல்லாம் ஏறும்; நீங்களும் அதில் கையெழுத்திட வேண்டும். சொத்துப் பத்திரமானால் வலது பெருவிரல் ரேகையும் வேண்டும். காயமோ கட்டோ இருந்தால் இடது பெருவிரல், அதுவும் முடியாவிட்டால் வேறு விரல், காரணத்தைக் குறித்துக்கொள்வார். இதில் முகம் சுளிக்க வேண்டாம். கடன் இல்லாத காலி மனையின் சொந்தக்காரர் போல நடித்து விற்கும் மோசடி நடக்கிறது. அப்படி ஒருவர் உங்கள் மனையை விற்றால், விரல் ரேகைதான் உங்கள் பக்கம் நிற்கும் பொருள். அடையாளத்தைச் சரியாகப் பார்க்காத நோட்டரிக்கு 10,000 டாலர் வரை அபராதமும் உண்டு.

லோனில் பெயர் இல்லாத கணவரோ மனைவியோ தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டி வரலாம். அவருக்கும் இதே அட்டை, இதே ரேகை. அவர் அந்நேரம் சென்னையில் இருந்தால் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடு நேரில் போய் அதிகாரி முன்னால் கையெழுத்திடலாம். முத்திரை ஒன்றுக்கு 50 டாலர். பவர் ஆஃப் அட்டர்னி கொடுப்பதானால் அதன் வாசகத்தை, சொத்துரிமையைச் சரிபார்த்துக் காப்பீடு தரும் டைட்டில் கம்பெனியும் வங்கியும் ஒப்புக்கொண்ட பிறகே முன்பதிவு செய்யுங்கள்.