மெயின்ஃப்ரேம் மாற்றுமுன் ஒப்பந்தங்களைப் பிரித்துப் படியுங்கள்

வங்கி போன்ற பெரிய நிறுவனங்களின் மையக் கணினியான மெயின்ஃப்ரேமைப் புதிதாக வாங்கும் பேச்சு எழுந்ததும் எல்லாரும் இயந்திரத்தின் விலையைத்தான் கேட்பார்கள். திறன் திட்டமிடலே தொழிலான நான் முதலில் கேட்பது மென்பொருள் ஒப்பந்தங்களை. ஒவ்வொன்றிலும் ஒரே கேள்விக்கு விடை தேடுங்கள்: கட்டணம் இயந்திரத்தின் முழுத் திறனுக்கா, பயன்படுத்திய அளவுக்கா?

ஓர் உதாரணம். 500 எம்எஸ்யூ (மெயின்ஃப்ரேமின் திறனை அளக்கும் அலகு) இயந்திரம் 800 ஆகிறது. உங்கள் மாத உச்சம் 320 என்று கொள்வோம். ஐபிஎம்மின் இசட்/ஓஎஸ் (இயங்குதளம்), சிஐசிஎஸ் (பரிவர்த்தனை மென்பொருள்), டிபி2 (தரவுத்தளம்) ஆகியவை, பயன்பாட்டுக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் துணைத்திறன் முறையில் இருந்தால், அந்த மென்பொருள் ஓடும் எல்பார்களின் (இயந்திரத்தைப் பிரித்து அமைத்த தனித்தனிப் பகுதிகளின்) நான்கு மணி நேர நகரும் சராசரி அம்மாதத்தில் தொட்ட உச்சத்துக்கே பில் வரும். ஐபிஎம்மின் எஸ்சிஆர்டி என்ற கருவி, இயங்குதளம் எழுதும் எஸ்எம்எஃப் பயன்பாட்டுப் பதிவுகளில் 70, 89 ஆகிய வகைகளிலிருந்து அதைக் கணக்கிட்டு அறிக்கை தரும். ஆனால் கண்காணிப்புக் கருவி விற்ற வேறொரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் 'முழுத் திறன்' என்றிருந்தால், 800-க்குப் பணம் கேட்பார்கள். ஒரு பரிவர்த்தனைகூடக் கூடியிருக்காது. எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

ஆகவே ஆர்டரில் கையெழுத்திடும் முன்பே அந்த நிறுவனங்களிடம் பேசி முடித்துவிடுங்கள். பல மென்பொருள்களின் உரிமச் சாவி இயந்திரத்தின் வரிசை எண்ணோடு பிணைந்தது. புதிய சாவி இல்லாவிட்டால் மாற்றம் நடக்கும் வார இறுதியில் அவை எழும்பாது. அந்த நெருக்கடியில் பேரம் பேச முடியுமா? பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் வாரங்களுக்கு இரட்டைக் கட்டணம் இல்லை என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஐபிஎம் பக்கம் கவலையே இல்லை என்று இருந்துவிடாதீர்கள். பழைய இயந்திரத்தில் வரிசையில் காத்துக் கிடந்த பேட்ச் வேலைகள் (பின்னணியில் தொகுப்பாக ஓடுபவை), இடம் கிடைத்ததும் ஒரே நேரத்தில் பாயும். உச்சம் 320-இல் நிற்காது. மாற்றத்துக்கு முன்பே எல்பார்களுக்குத் திறன் வரம்பு நிர்ணயியுங்கள். இந்த வரம்பு சராசரியைப் பார்த்தே செயல்படும் என்பதால் குறுகிய நேரப் பாய்ச்சலைத் தடுக்காது. சராசரி வரம்பைத் தொட்ட பிறகுதான் பிடி இறுகும். ஆன்லைன் எல்பாரில் வைக்குமுன் சோதனை எல்பாரில் வைத்துப் பாருங்கள்.

குறிப்பிட்ட வகை வேலைகளுக்கு மட்டுமென 2006-இல் வந்த இசட்ஐஐபி பிராசசர்களை மறக்க வேண்டாம். ஜாவா வேலையும், வெளியிலிருந்து வரும் டிபி2 கோரிக்கைகளில் பெரும்பகுதியும் அங்கே ஓடலாம். அந்தத் திறன் மாதக் கட்டணத்தில் சேராது. ஆனால் அவை நிரம்பினால் வேலை பொதுப் பிராசசருக்கு வழிந்து பில்லில் ஏறும். செயல்திறனை அளக்கும் ஆர்எம்எஃப் கருவியின் அறிக்கையில் ஐஐபிசிபி என்ற எண் அந்த வழிதலைக் காட்டும். அது வளர்ந்துகொண்டே போனால், பொதுப் பிராசசரைப் பெரிதாக்குவதைவிட இன்னொரு இசட்ஐஐபி வாங்குவதே என் பரிந்துரை.

2019-இல் அறிமுகமான, ஐபிஎம்மின் டெய்லர்டு ஃபிட் பிரைசிங் என்ற கட்டணத் திட்டத்தின் நுகர்வு முறையில் இருப்பவர்களுக்கு உச்சம் பொருட்டல்ல. மொத்த நுகர்வே கணக்கு. அவர்கள் ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்ட அடிப்படை நுகர்வு அளவைப் புதிய இயந்திரத்துக்கு ஏற்ப மறுபடி பேச வேண்டியிருக்குமா என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிவது நல்லது.

பழைய எஸ்சிஆர்டி அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். ஆண்டு முடிவு போன்ற பரபரப்பான மாதத்தை, சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால்தான் உயர்வு இயந்திரத்தால் வந்ததா, வியாபாரத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியும்.