வீதி விபத்தும் வேதனைக்கான நட்டஈடும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலோ, பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியிலோ விபத்தில் அடிபட்ட ஒருவரின் வீட்டுக்குச் சட்டத்தரணியின் ஆலோசனைக்கு முன்பாகவே வந்து சேர்வது வெளிநாட்டு உறவினரின் கணக்கு. "வைத்தியச் செலவை மூன்றாலோ நாலாலோ பெருக்கிக் கேளுங்கோ" என்று தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்களோடு பேரம் பேசும்போது செலவை ஒன்றரை முதல் ஐந்து வரையான எண்ணால் பெருக்கிப் பார்க்கும் வழக்கம் உண்மையாகவே உண்டு. ஆனால் அது அங்கும் பேரத்துக்கான தொடக்கப்புள்ளியே அன்றிச் சட்டமன்று. கனடாவின் உயர் நீதிமன்றம் 1978இல் வேதனைக்கான தொகைக்கு ஓர் இலட்சம் டொலர் என்ற உச்சவரம்பை வகுத்தது. பணவீக்கத்துக்கு ஏற்ப அது உயர்ந்து வருகிறது. இவற்றில் எதுவும் இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

வன்னியில் இந்தப் பெருக்கல் இன்னொரு காரணத்தாலும் ஆபத்தானது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். தொடை எலும்பு முறிந்து, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டு, தகடு வைத்து, வாரக்கணக்கில் படுத்திருந்த ஒருவரின் கையில் எஞ்சும் பற்றுச்சீட்டுகள் வெளியே வாங்கிய சில மருந்துகளுக்கும் வாகனக் கூலிக்கும் உரியவையாகவே இருக்கும். அந்தச் சிறு தொகையை எந்த எண்ணால் பெருக்கினாலும் அவர் பட்ட வேதனையின் அளவு வராது. செலவு குறைவு என்பதைக் காட்டி எதிர்த்தரப்பு தொகையைக் குறைக்க முயலும்போது, அதே கணக்கை நாமே முன்வைத்திருந்தால் மறுத்துப் பேச இடமிருக்காது.

இலங்கையில் இத்தகைய வழக்குகளை ஆள்வது உரோமன்-டச்சுச் சட்டம். அதன்படி பண இழப்பு வேறு. உடல் வேதனை, உருக்குலைவு, வாழ்வின் வழமையான செயல்களையும் இன்பங்களையும் இழத்தல் ஆகியவற்றுக்கான நட்டஈடு வேறு. உழைப்பு போனதையும் வலியையும் ஒரே தொகைக்குள் போட்டு "மொத்தமாக இவ்வளவு" என்று கேட்பது பரவலான தவறு. கூலி வேலைக்குச் சம்பளச் சீட்டு இல்லாததால் வருமான இழப்பு நிரூபிக்கப்படாமல் போகலாம். இரண்டையும் கலந்து கேட்டிருந்தால் வேதனைக்கான பங்கும் அதோடு சேர்ந்து தேய்ந்துவிடும்.

வேதனைக்கு விலைப்பட்டியல் இல்லை. நீதிபதி நியாயமெனக் கருதும் தொகையைத் தீர்மானிக்கிறார்; அதற்கு அவர் முன் இருப்பவை ஆவணங்களும் சாட்சியமும் மட்டுமே. ஆகவே வலியைப் பதிய வைக்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பது என் கருத்து. நம் சனம் வலியைச் சொல்லிப் பழகாதது. டொக்டர் கேட்டால் "இப்ப பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, வீட்டில் இரவு முழுவதும் பனடோலோடு விழித்திருப்பார்கள். கிளினிக் கொப்பியில் எழுதப்படுவதோ அந்தப் "பரவாயில்லை" மட்டும்தான். இரண்டு தடவை போய்விட்டு, பஸ் இல்லை, நாள் கூலி போகிறது என்று கிளினிக்கை விட்டு, முறிவு வைத்தியரிடம் புக்கை கட்டப் போகிறவர்களும் உண்டு. அங்கே போவதில் பிழையில்லை. ஆனால் கொப்பியில் விழும் நீண்ட இடைவெளியை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி "சுகமாகிவிட்டது" என்றே வாசிப்பார். கிளினிக்கைத் தொடர வேண்டும்; முறிவு வைத்தியரிடம் போன திகதிகளையும் குறித்து வைக்க வேண்டும்.

சாட்சியமும் பொதுப்படையாக இருக்கக்கூடாது. "சரியான வலி" என்ற சொல் நீதிபதிக்கு எதையும் காட்டாது. விசுவமடுவில் கச்சான் செய்யும் ஒரு பெண், விபத்துக்கு முன் குந்தியிருந்து களை பிடுங்கியவர், இப்போது முழங்கால் மடியாததால் பாத்தியின் ஓரத்தில் பிளாஸ்ரிக் கதிரை போட்டு எட்டிய மட்டும் பிடுங்குகிறார், கோயிலில் எல்லோரும் நிலத்தில் இருக்க இவர் தூணோடு நிற்கிறார், பிள்ளையைத் தூக்குவதில்லை. இவற்றைச் சொன்னால்தான் இழப்பு கண்ணுக்குத் தெரியும். கணவரோ அயலவரோ தாம் கண்டதைச் சாட்சியமாகச் சொல்வது மேலும் வலுச் சேர்க்கும்.

சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையை விலைச்சீட்டாக எண்ணுவது இன்னொரு தவறு. பாரதூரமான காயம், பாரதூரமற்ற காயம் என்ற பிரிப்பு குற்றவியல் சட்டத்துக்கு உரியது. தண்டனைச் சட்டக் கோவையின் 311ஆம் பிரிவின்படி ஒரு பல் உடைந்தாலும் அது பாரதூரமான காயமே; கடும் வலியோ, வழமையான அலுவல்களைச் செய்ய இயலாமையோ 20 நாட்கள் நீடித்தாலும் அவ்வாறே. தொடக்க நாட்களில் எழுதப்படும் அறிக்கையில், பின்னர் நாட்பட்ட வலியாக மாறும் நாரி நோவு சிறிய காயமாகப் பதியப்பட்டிருக்கலாம். அதற்காகக் கோரிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. பிந்திய நிலையை நிபுணரின் அறிக்கையால் காட்டலாம்.

பழைய போர்க்காயத்தை மறைப்பது வன்னிக்கே உரிய சிக்கல். உடலில் ஷெல் துண்டோடு வாழ்பவர்கள் இங்கே பலர். மறைத்தால் எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும். அதன் பின் சொல்லும் எதையும் நீதிமன்றம் ஐயத்தோடுதான் பார்க்கும். மோதியவர் அடிபட்டவரை இருந்த நிலையிலேயே ஏற்க வேண்டும், ஏற்கனவே பலவீனமான கால் என்பது அவருக்குத் தப்பும் வழியாகாது, என்பதே சட்டம். ஆனால் பொறுப்பு விபத்தால் கூடிய பாதிப்புக்கே. எனவே 2009இல் காயப்பட்ட அதே காலோடு கடந்த போகம் வரை வயல் உழுதார், விபத்துக்குப் பின் முடியவில்லை என்ற வேறுபாட்டைத் தெளிவாக நிறுவ வேண்டும்.

பொலிஸ் நிலையத்தில் அவசரமாகச் சமாதானமாகிவிடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. "இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை" என்ற வரிக்குக் கீழே, விளங்காத மொழியில் எழுதிய தாளாக இருந்தால் இன்னும் மோசம், வீக்கம் வற்றுவதற்கு முன் கையெழுத்திடக் கூடாது. "என்னிலும் பிழை இருக்கு" என்று ஒதுங்குவதும் தேவையற்றது. ஹெல்மெட் போடாதது, இரவில் பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரத்தை ஓட்டியது போன்றவை 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிழையின் விகிதத்துக்கு ஏற்பத் தொகையைக் குறைக்கலாமே தவிர, உரிமையை அழிப்பதில்லை.

நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு எதிரான பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. அதை விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும், பொலிஸ் வழக்கு எத்தனை தவணை போனாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. கட்டணம் செலுத்த இயலாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். வழக்குத் தொடுப்பதை மற்றைய வாகனத்தின் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்கவும் மறக்கக் கூடாது. அறிவிக்காவிட்டால், தீர்ப்பு கிடைத்தாலும் பணத்தைச் சாரதியிடமும் உரிமையாளரிடமும் தேடித் திரிய நேரலாம். அந்த நிறுவனம் எது என்பதை, முறைப்பாட்டின் பிரதியை எடுக்கப் போகும் அன்றே பொலிஸில் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.